அரை நிமிஷ வித்தைக்கு ஒரு வெளியாள்!
அமெரிக்க முரசுக் கோஷ்டிகளில் தீராத ஒரு வழக்கு

ஆகஸ்டு மாதம். சனிக்கிழமை இரவு.

அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் என்று ஒரு நகரம். அங்கே லூக்காஸ் ஆயில் ஸ்டேடியம் என்ற பெரிய விளையாட்டு அரங்கு இருக்கிறது. அதன் நடுவே 100 கெஜ நீளத்துக்குப் பச்சை மைதானம். மைதானத்தில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட வாலிபர்களும் யுவதிகளும் நிற்கிறார்கள். சிலர் கையில் பித்தளைக் கொம்பு. சிலர் இடுப்பில் முரசு. சிலர் கையில் கொடி.

திடீரென்று முரசு முழங்குகிறது. கொம்புகள் வீறிடுகின்றன. அத்தனை பேரும் ஒரே காலாக நடக்கிறார்கள். வட்டம் சதுரமாகிறது. சதுரம் அலையாகிறது. பார்ப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார்கள்.

அப்பொழுது ஒருவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வருகிறான். துள்ளுகிறான். ஆகாயத்தில் இரண்டு குட்டிக்கரணம் போட்டுக் காலூன்றி நிற்கிறான். அரங்கமே எழுந்து நின்று ஆரவாரம் செய்கிறது!

இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். கை தட்டியவர்களில் சிலர் வீட்டுக்குப் போகும்போது ஒரு கேள்வி கேட்பார்கள். "அந்தப் பையன் கொம்பு ஊதவில்லை. முரசு அடிக்கவில்லை. கொடியும் பிடிக்கவில்லை. பின் அவனுக்கு அங்கே என்ன வேலை?"

நம் ஊர்த் திருவிழாவில் நாதசுரக் கோஷ்டிக்கு "ஸ்பெஷல் தவில்" என்று ஒருவரை அழைத்து வருவது உண்டு. அவரும் தவில்காரர்தானே என்று நாம் விட்டுவிடுவோம். அமெரிக்காவில் விஷயம் வேறு. அங்கே வருகிற "ஸ்பெஷல்" ஆள் வேறு தொழில்காரர். பாடகர், கழைக்கூத்து ஆடுகிறவர், குதிகால் நடனம் ஆடுகிறவர் என்று பல தினுசு. அதனால்தான் வழக்கு.

போர் முடிந்தது, கொம்பு மிஞ்சியது

இந்த முரசுக் கோஷ்டிகளுக்கு "டிரம் கோர்" என்று பெயர். இவை பிறந்த கதை சுவையானது.

முதல் உலகப் போர் 1918-ம் ஆண்டில் முடிந்தது. சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். பாசறையில் விழிக்கவும், சாப்பிடவும், படுக்கவும் கொம்பு ஊதிப் பழகியவர்கள் அவர்கள். நடைக்கு முரசு கேட்டுப் பழகியவர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

"அமெரிக்கன் லீஜியன்" என்பது முன்னாள் சிப்பாய்களின் சங்கம். அதன் ஊர்க் கிளைகள் முரசுக் கோஷ்டிகளை அமைத்தன. 1921-ம் ஆண்டு முதல் சங்கத்தின் மாநாட்டில் போட்டியும் நடந்தது.

அப்பா அடித்த முரசைப் பிள்ளை அடித்தான். மாதா கோவில்களும், சாரணர் படைகளும், சிப்பாய்ச் சங்கங்களும் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக் கோஷ்டி அமைத்தன. வேலையில்லாமல் திரிகிற பையனை ஒரு வரிசையில் நிறுத்தி, ஒரு வாத்தியத்தைக் கையில் கொடுத்து, ஒழுங்கு பழக்குவதுதான் நோக்கம்.

1971-ம் ஆண்டில் கோஷ்டிகளே ஒன்றுகூடித் தங்களுக்கென்று ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டன. "டிரம் கோர் இண்டர்நேஷனல்" என்று அதற்குப் பெயர். 1972-ம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஒயிட்வாட்டர் என்ற ஊரில் அதன் முதல் இறுதிப் போட்டி நடந்தது. கலிபோர்னியாவிலிருந்து வந்த "அனஹைம் கிங்ஸ்மென்" கோஷ்டி முதல் பரிசு பெற்றது.

கோடைகாலத் தவம்

இதில் சேர்கிற பிள்ளைகளுக்குச் சம்பளம் உண்டா? கிடையாது! அவர்கள்தான் பணம் கட்டவேண்டும். ஒரு கோடைக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். அதற்காகக் கடையில் வேலை பார்க்கிற பிள்ளைகள் உண்டு. ஊர்க்காரர்களிடம் நன்கொடை கேட்கிறவர்களும் உண்டு.

குளிர்காலத்தில் தேர்வு நடக்கும். தேறியவர்கள் மே மாதத்தில் பயிற்சிக்குப் போவார்கள். காலை முதல் இரவு வரை வெயிலில் பயிற்சி. அதன் பிறகு ஊர் ஊராகப் பயணம். இரவு முழுவதும் பஸ்ஸில் தூக்கம். விடிந்தால் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில், வெறுந்தரையில் படுக்கை. லாரியிலேயே சமையல். நாளுக்கு நான்கு வேளை சாப்பாடு. அவ்வளவும் உழைப்பில் கரைந்துபோகும்.

இவ்வளவும் எதற்கு? மைதானத்தில் ஆடப்போகிற பன்னிரண்டே நிமிஷத்துக்கு!

வயதும் ஒரு வேலி. இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதோடு சரி. அதற்கு மேல் யாரும் போட்டியில் இறங்க முடியாது. கடைசிக் கோடையில் ஆடுகிற பிள்ளைகள் இறுதி இரவில் தேம்பித் தேம்பி அழுவது வழக்கம்.

வெளியாளைப் பற்றிய கோபம் எங்கிருந்து வருகிறது என்பது இப்பொழுது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

தப்பை எண்ணிய காலம்

ஆரம்ப காலத்தில் இந்த வழக்கே இல்லை. ஏன்?

மார்க்குப் போடும் முறைதான் காரணம். அப்பொழுது நடுவர்கள் கையில் காகிதம் வைத்துக்கொண்டு மைதானத்துக்குள்ளேயே நடப்பார்கள். ஒரு கால் பிசகினால் ஒரு கோடு. ஒரு குச்சி முந்தினால் ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் மார்க்கில் பத்தில் ஒரு பங்கு போச்சு!

அந்த முறையில் புதுமை செய்கிறவன் முட்டாள். புதிதாக ஏதாவது செய்தால் தப்பு வரும். தப்பு வந்தால் மார்க்குப் போகும். ஆகையால் எல்லோரும் நேராக நடந்தார்கள், நேராக அடித்தார்கள்.

1984-ம் ஆண்டில் அந்த முறை போயிற்று. தப்பை எண்ணுவதை விட்டுவிட்டு, செய்ததன் சிறப்பை எடைபோடத் தொடங்கினார்கள். இன்று மொத்தம் 100 மார்க்கு. அதில் 40 மார்க்கு, ஆட்டம் முழுவதும் பார்ப்பவர் மனத்தில் உண்டாக்கும் விளைவுக்கு. காட்சிக்கு 30. இசைக்கு 30.

நூற்றில் நாற்பது என்றால் சும்மாவா? கூட்டத்தை வாய் பிளக்க வைக்கிற எதுவும் மார்க்கு ஆகிவிட்டது. அதோடு சட்டங்களும் தளர்ந்தன. 2000-ம் ஆண்டு முதல் பழைய ஒரே சுருதிக் கொம்புதான் வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. 2004-ல் ஒலிபெருக்கி வந்தது. 2009-ல் மின்சார வாத்தியம் வந்தது.

ஒலிபெருக்கி வந்தால் பாட்டு வராதா? பாட்டு வந்தால் பாடகர் வராமல் இருப்பாரா? இப்படித்தான் கதவு திறந்தது.

பழைய கதை; பெரிய பாவம்

முரசுக் கோஷ்டிக்கு வெளியாளை அழைப்பது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. 250 ஆண்டுகளுக்கு முந்திய கதை ஒன்று உண்டு. அது கேட்க இனிமையான கதை அல்ல.

18-ம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசர்களுக்குத் துருக்கி ராணுவ வாத்தியங்களின் மேல் மோகம் பிடித்தது. பெரிய முரசு, ஜாலரா, மணி கட்டிய கோல் எல்லாம் அங்கிருந்து வந்தவை. வாத்தியம் வந்தால் போதுமா? வாசிப்பவரும் வேறு நாட்டு மனிதராகக் காட்சி தரவேண்டும் என்று நினைத்தார்கள். கறுப்பு இனத்தவரைப் பிடித்துத் தலைப்பாகை கட்டி, பளபளக்கும் உடை உடுத்தி, படையின் முன்னால் நடக்க விட்டார்கள். அவர்கள் குச்சியைச் சுழற்றி எறிந்து பிடித்து வித்தை காட்டினார்கள்.

இங்கிலாந்தின் 29-வது காலாட்படையில் நடந்ததைக் கேளுங்கள். 1759-ம் ஆண்டில் பாஸ்கவன் என்ற கடற்படைத் தளபதி மேற்கிந்தியத் தீவான குவாடலூப்பிலிருந்து பத்துக் கறுப்புச் சிறுவர்களை வாங்கி வந்தாராம். தம் தம்பி தலைமை வகித்த படைக்கு அவர்களை முரசுக்காரர்களாகக் கொடுத்தாராம். அந்தப் படையின் வரலாறு இப்படிச் சொல்கிறது. படைக்கு அலங்காரமாக இருக்கும் என்பது அவர் எண்ணம். அந்தப் படையில் கறுப்பு முரசுக்காரர்களை வைத்துக்கொள்ளும் வழக்கம் 1843-ம் ஆண்டு வரை நீடித்தது.

1768-ல் அந்தப் படை அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு வந்தது. கட்டளை மீறிய சிப்பாய்களுக்குச் சவுக்கடி கொடுப்பது அந்தக் காலத்தில் முரசுக்காரர் வேலை. ஆகவே, வெள்ளைச் சிப்பாயைக் கறுப்பு முரசுக்காரர் சவுக்கால் அடிப்பதைப் பாஸ்டன் மக்கள் பார்த்துத் திகைத்தார்கள்.

இந்தப் பிள்ளைகளை யாரும் "வருகிறாயா?" என்று கேட்கவில்லை. அவர்களுடைய கைத்திறனைக் கூட்டம் ரசித்தது. அவர்களுடைய பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

இன்றைய கோஷ்டியில் வந்து குட்டிக்கரணம் போடுகிற பையன் அடிமை அல்ல. அவனாக ஆசைப்பட்டு வருகிறான். இருந்தாலும் பழைய கதை ஒரு பாடம் சொல்கிறது. ஒரு மனிதனை அலங்காரப் பொருளாக மட்டும் நிறுத்திவைத்தால், கூட்டம் கைதட்டும். ஆனால் அவன் அந்தக் கூட்டத்தில் ஒருவன் ஆகமாட்டான்.

தொப்பியின் மேல் பாட்டில்!

வெளியாளே வேண்டாம், நம் பிள்ளைகளே வித்தையைக் கற்றுக்கொள்ளட்டும் என்கிறவர்கள் ஓர் உதாரணம் காட்டுகிறார்கள்.

கலிபோர்னியாவில் "சாண்டா கிளாரா வான்கார்டு" என்று ஒரு கோஷ்டி. 1967-ல் தொடங்கியது. 1973-லும் 1974-லும் முதல் பரிசு பெற்றது. "ஃபிட்லர் ஆன் தி ரூஃப்" என்ற புகழ்பெற்ற இசை நாடகத்தின் மெட்டுக்களை அது எடுத்துக்கொண்டது. அந்த நாடகத்தில் ஒரு யூதக் கல்யாணம் வரும். கல்யாணத்தில் ஒரு நடனம். தலையில் தொப்பி, தொப்பியின் மேல் பாட்டில். பாட்டில் விழாமல் முழங்காலை மடக்கி ஆடவேண்டும்!

இதற்கென்று நாடகக் கம்பெனியிலிருந்து ஆட்களை அழைத்து வந்தார்களா? இல்லை. கொடி பிடிக்கிற பிள்ளைகளே ஆடினார்கள். ரசிகர்கள் அதை மறக்கவே இல்லை. 1992-ம் ஆண்டில் அந்தக் கோஷ்டி அதே நாடகத்தை மீண்டும் எடுத்தபோது, பாட்டில் நடனமும் மீண்டும் வந்தது.

இன்னொரு உதாரணம், இல்லினாய் மாநிலத்தின் "ஃபாண்டம் ரெஜிமெண்ட்" கோஷ்டி. 2008-ம் ஆண்டில் ஸ்பார்ட்டகஸ் கதையை எடுத்தார்கள். ரோமாபுரியில் அடிமைகளைத் திரட்டி எதிர்த்து நின்ற வீரனின் கதை. நடிப்பு இல்லாமல் இதைச் சொல்ல முடியுமா? நடித்தவர்கள் யார்? கோஷ்டியின் பிள்ளைகளே! "நானே ஸ்பார்ட்டகஸ்!" என்று மைதானத்தில் குரல் எழுந்தால், பார்வையாளர்களும் சேர்ந்து கூவினார்கள்.

இறுதிப் போட்டியில் அவர்களுக்குக் கிடைத்தது 98.125 மார்க்கு. அடுத்து வந்த "புளூ டெவில்ஸ்" கோஷ்டிக்கு 98.100. வித்தியாசம் ஒரு மார்க்கில் நாற்பதில் ஒரு பங்கு! நடிகர்கள் வெளியிலிருந்து வரவில்லை. வெற்றி வந்தது.

வெளியாள் பக்கமும் நியாயம் உண்டு

ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லலாமா? மறு பக்கத்தையும் கேட்போம்.

"கொடிக்காரர்கள் இன்று ஆடுகிற நடனம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கிறார்கள் அவர்கள். நல்ல கேள்வி. தொடக்கத்தில் கொடிக்காரர் வேலை, கொடியைக் காவல் காப்பது மட்டுமே. விறைப்பாக நடப்பார்கள், துப்பாக்கி பிடிப்பார்கள். மேடை நடனம் தெரிந்தவர்கள் உள்ளே வந்து கற்றுக் கொடுத்த பிறகுதான் கால் வளைந்தது, கை மலர்ந்தது. நேற்றைய வெளியாள் கொண்டுவந்தது இன்றைய சொந்தச் சொத்து!

இன்னொன்றும் சொல்கிறார்கள். வாத்தியம் பழக வசதி இல்லாத வீட்டில் பிறந்த பிள்ளை ஒருத்தி. ஆனால் குரல் தேன். அவளுக்கு அந்தக் கோஷ்டியில் இடம் இல்லையா? கொம்பு ஊதத் தெரியாதவள் வெளியேதான் நிற்கவேண்டுமா?

சட்டமும் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. போட்டியில் இறங்குகிறவர் யாராக இருந்தாலும் வயது வரம்புக்குள் இருக்கவேண்டும். சர்க்கஸிலிருந்து முப்பது வயது வித்தைக்காரரைக் கூலிக்குப் பிடித்து இறக்கிவிட முடியாது. ஆகையால் வருகிறவரும் ஓர் இளம்பிள்ளைதான்.

கணக்கு இடிக்கிறது!

பேச்சு எல்லாம் சரி. கணக்கு என்று ஒன்று இருக்கிறதே!

ஒரு கோஷ்டியில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. நெடுங்காலம் அது 128. பிறகு படிப்படியாக உயர்ந்து 150-ஐத் தாண்டியது. எவ்வளவு உயர்ந்தாலும் வரம்பு வரம்புதான். குட்டிக்கரணம் போடுகிறவனுக்கு ஓர் இடம் கொடுத்தால், கொம்பு ஊதுகிறவன் ஒருவனுக்கு இடம் இல்லை.

ஐந்தாவது வகுப்பிலிருந்து கொம்பு பழகிய பையன் ஒருவன் தேர்வுக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இடம் குறைவதால் அவன் திரும்பிப் போகிறான். அவன் இடத்தில் வந்தவன் மைதானத்தில் அரை நிமிஷம் மின்னுகிறான். மற்ற பதினொன்றரை நிமிஷம் என்ன செய்கிறான்? ஓரத்தில் நிற்கிறான்!

ஆபத்து இன்னொன்றும் உண்டு. நூற்றைம்பது பேர் சேர்ந்து வரைகிற வட்டத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், ஓர் ஓட்டை தெரியும், அவ்வளவுதான். ஆட்டம் நடக்கும். ஆனால் உச்சக் காட்சி முழுவதும் ஒருவன் குட்டிக்கரணத்தில் தொங்கினால்? அவன் கணுக்கால் சுளுக்கினால் உச்சமே இல்லை. ஒரு கோடைகால உழைப்பு ஒருவனுடைய கணுக்காலில் நிற்கலாமா?

கோஷ்டியே வெளியே போனது

வெளியாள் உள்ளே வருவது ஒரு பக்கம். ஒரு கோஷ்டி தானே வெளியாளாகப் புறப்பட்ட கதையும் உண்டு.

"ஸ்டார் ஆஃப் இண்டியானா" என்ற கோஷ்டியை 1984-ல் பில் குக் என்ற தொழிலதிபர் தொடங்கினார். 1991-ல் அது முதல் பரிசு பெற்றது. 1993-ம் ஆண்டுக்குப் பிறகு போட்டிக்கே முழுக்குப் போட்டுவிட்டது. "கனேடியன் பிராஸ்" என்ற பிரபல பித்தளை வாத்தியக் கோஷ்டியுடன் சேர்ந்து மேடை நிகழ்ச்சி நடத்தியது. அந்த விதையிலிருந்து "பிளாஸ்ட்!" என்ற மேடைக் காட்சி முளைத்தது. 1999-ல் லண்டனில் அரங்கேறியது. 2001-ல் நியூயார்க்கின் பிராட்வேக்குப் போய், நாடக உலகின் பெரிய பரிசான டோனி விருதையும் பெற்றது.

மைதானத்தில் வளர்ந்தவர்கள் மேடைக்கு வந்தார்கள். மேடையில் நடக்கவும், ஆடவும், ஆடிக்கொண்டே ஊதவும் அவர்களால் முடிந்தது. காரணம் என்ன? ஒவ்வொருவரும் எல்லா வேலையும் பழகியவர்கள். "இது என் வேலை அல்ல" என்று ஒதுங்காதவர்கள்.

மூன்று கேள்விகள்

ஆகவே வெளியாள் வரலாமா, கூடாதா? ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்வதற்கு இல்லை. மூன்று கேள்விகள் கேட்டுப் பார்த்தால் விடை தானே கிடைக்கும்.

முதல் கேள்வி: வந்தவன் மற்றவர்களோடு அதே தரையில் படுக்கிறானா? அதே பஸ்ஸில் வருகிறானா? அதே வெயிலில் காய்கிறானா?

இரண்டாவது கேள்வி: தன் அரை நிமிஷம் போக, மீதி நேரத்துக்கு ஒரு கொடியையாவது, ஒரு தாளத்தையாவது கற்றுக்கொள்கிறானா?

மூன்றாவது கேள்வி: அவன் போகும்போது தன் வித்தையில் கொஞ்சமாவது மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறானா?

மூன்றுக்கும் "ஆம்" என்றால் அவன் வெளியாளே அல்ல. கொம்பு ஊதாவிட்டாலும் அவன் கோஷ்டியில் ஒருவன். மூன்றுக்கும் "இல்லை" என்றால், அவன் எத்தனை குட்டிக்கரணம் போட்டாலும் ஆட்டத்துக்கு ஒட்டவைத்த ஜிகினாதான்.

இறுதி இரவில் பரிசு அறிவித்த பிறகு பாருங்கள். கோஷ்டிகள் மைதானத்தில் வரிசையாக நிற்கும். வயது முடிந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். மே மாதம் முதல் ஒன்றாகத் தின்று, ஒன்றாக உறங்கி, ஒன்றாக உழைத்தவர்கள் அவர்கள்.

அந்த நேரத்தில் குட்டிக்கரணம் போட்டவன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். கூட்டத்தின் நடுவில் நின்று அவனும் அழுதுகொண்டிருந்தால், அவனுக்கு இடம் கொடுத்தது சரிதான்!